மெத்தென்ற சீட்டு ஏன் வலிக்கிறது?

ஆரணியில் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்கிறவருக்கு இருக்கை என்பது ஒரு பலகை. அதன்மேல் மடித்துப் போட்ட பழைய வேட்டியோ சாக்கோ இருந்தால் அதுவே பெரிய வசதி. நாளின் பெரும்பகுதியை அவர் அதில்தான் கழிக்கிறார். நெய்து முடித்த புடவைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு அதே ஊரிலிருந்து பைக்கில் காஞ்சிபுரம் கிளம்புகிறவருக்கோ ஸ்பாஞ்சு வைத்து ரெக்சின் போர்த்திய சீட்டு இருக்கிறது. தூரம் 60 கிலோமீட்டர் சொச்சம். செய்யாறு தாண்டியதும் அவர் இடுப்பை இப்படியும் அப்படியும் நகர்த்தத் தொடங்குகிறார். காஞ்சிபுரம் நெருங்கும்போது இறங்கி நிற்க ஒரு டீக்கடை கிடைத்தால் போதும் என்றாகிவிடுகிறது.

பலகையில் உட்கார்ந்தால் வலிக்கும் என்பது புரிகிறது. மெத்தையில் ஏன் வலிக்க வேண்டும்? சீட் கடையில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான்: இன்னும் ஓர் அங்குலம் ஸ்பாஞ்சு. வேலை முடிந்து கடை வாசலிலேயே ஏறி உட்கார்ந்து பார்க்கும்போது சுகமாக இருக்கும். ஆனால் அடுத்த நீண்ட பயணத்தில் பழைய வலி திரும்பி வரும். பலருக்கு முன்பைவிடச் சீக்கிரமாகவே வரும். மென்மையைக் கூட்டினால் வலி குறைய வேண்டும் என்று நாம் போடும் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது. அந்தப் பிழையைப் பிடித்துக் கொடுத்தவர்களில் சிலர் ஆரணிக்கு வடக்கே 40 கிலோமீட்டரில், வேலூரில் இருந்தார்கள். அவர்கள் பைக்கைப் பற்றி யோசிக்கவில்லை. தொழுநோயாளிகளின் பாதங்களைப் பற்றி யோசித்தார்கள். அங்கே போவதற்கு முன் நம் உடம்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாற்காலியில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்து லேசாக முன்னும் பின்னும் அசைந்து பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்பு முனைகள் கையில் குத்தும். இடுப்பெலும்பின் அடியில் கீழ்நோக்கித் துருத்திக்கொண்டிருக்கும் இவற்றை அமர்வு முண்டுகள் என்று சொல்லலாம். நிமிர்ந்து உட்காரும்போது மேலுடம்பின் எடையில் பெரும்பங்கு இவற்றின் வழியாகத்தான் இறங்குகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். பெண்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் அதிகம். முண்டுக்கும் அதன்மேல் நகரும் தசைக்கும் நடுவே வழவழப்பான நீர் கொண்ட ஒரு சிறு பை உண்டு. கட்டாந்தரையான இருக்கையில் நெடுங்காலம் நசுங்கினால் அந்தப் பை வீங்கி வலியெடுக்கும். பழைய ஐரோப்பிய மருத்துவ நூல்கள் இந்த வீக்கத்துக்கு நெசவாளர்களின் பெயரையே வைத்திருந்தன. அவ்வளவு பேருக்கு அது வந்திருக்கிறது. தொழிலால் வரும் நோய்களைப் பற்றி முழு நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாஸினி, நெசவு செய்வோருக்கு ஓர் அத்தியாயமும் உட்கார்ந்தே வேலை செய்வோருக்கு இன்னோர் அத்தியாயமும் ஒதுக்கினார். ஆகவே, தறிப் பலகையில் உட்கார்ந்தவருக்கு நோவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த நோவு மெதுவாக, வருடக் கணக்கில் சேர்வது. பைக்கில் வருவது ஒரு மணி நேரத்து நோவு. இரண்டும் ஒன்றல்ல.

ஒரு மணி நேரத்து நோவு எங்கிருந்து வருகிறது? விரல் நகத்தை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். நகத்துக்கு அடியில் இருக்கும் சிவப்பு மறைந்து வெளுக்கும். விட்டதும் சிவப்பு திரும்பும். தந்துகிகள் எனப்படும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களை வெளியிலிருந்து வந்த அழுத்தம் மூடிவிட்டது, அவ்வளவுதான். சீட்டின்மேல் இருக்கும் சதையிலும் இதுவே நடக்கிறது. ரத்தம் வராத இடத்தில் ஆக்சிஜன் குறைகிறது, கழிவு சேர்கிறது, நரம்பு நுனிகள் முறையிடத் தொடங்குகின்றன. முதலில் ஓர் அசௌகரியம், பிறகு எரிச்சல், பிறகு வலி.

தந்துகியை மூட எவ்வளவு அழுத்தம் வேண்டும்? அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் யூஜின் லாண்டிஸ் 1930-இல் தந்துகிக்குள் இருக்கும் அழுத்தத்தை நேரடியாக அளந்தார்; வெளி அழுத்தம் அதை மீறினால் குழாய் மூடும் என்று கொள்ளலாம். மனிதர்களின் நகக் கண்ணில் இருக்கும் தந்துகிக்குள் மயிரினும் மெல்லிய கண்ணாடிக் குழாயைச் செலுத்தி உள்ளே ரத்தம் எவ்வளவு அழுத்தத்தில் ஓடுகிறது என்று பார்த்தார். தமனியிலிருந்து ரத்தம் நுழையும் முனையில் சராசரியாக 32 மில்லிமீட்டர் பாதரசம். டாக்டர் 120-க்கு 80 என்று ரத்த அழுத்தத்தைச் சொல்கிறாரே, அதே அலகு. விரலில் எடுத்த அளவு இடுப்புச் சதைக்கு அப்படியே பொருந்தாது. இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனாலும் ஏறத்தாழ எந்த இடத்தில் சிக்கல் ஆரம்பிக்கிறது என்று காட்டும் ஒரு கோடாக அதை வைத்துக்கொள்ளலாம்.

இனி ஒரு சின்னக் கணக்கு. 65 கிலோ எடையுள்ள ஒருவரின் கால், கை வழியாக இறங்கும் எடை போக, சீட்டின்மேல் 45 கிலோ விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடினப் பலகையில் அந்த எடையைத் தாங்குவது இரண்டு முண்டுகளுக்கும் கீழே, பக்கத்துக்கு ஓர் உள்ளங்கை அளவு இடம். மொத்தம் 150 சதுர சென்டிமீட்டர். அப்போது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 300 கிராம். பாதரச அளவில் சொன்னால் 220. லாண்டிஸ் கோட்டைவிட ஏழு மடங்கு. எடை மாறவில்லை, அது விழும் இடத்தின் பரப்பு சிறியதாக இருப்பதுதான் கோளாறு.

உட்காரும்போது எடை உண்மையில் இப்படித்தான் விழுகிறதா என்று எப்படித் தெரியும்? 1965-இல் அமெரிக்காவில் லிண்டன் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஆணிப் படுக்கை ஒன்று செய்தார்கள். ஒவ்வொரு ஆணிக்கும் அடியில் ஒரு சுருள்வில். ஒருவர் அதன்மேல் படுத்தாலோ உட்கார்ந்தாலோ எந்த ஆணி எவ்வளவு அமுங்குகிறது என்பதைக் கொண்டு உடம்பின் எந்தப் பகுதியில் எவ்வளவு அழுத்தம் என்று படம் வரைய முடிந்தது. இன்று அதே வேலையை, நூற்றுக்கணக்கான உணரிகள் தைத்த விரிப்பு செய்கிறது. கணினித் திரையில் வண்ணப் படம் வந்துவிடும். எந்தக் கருவியில் பார்த்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்தவரின் படத்தில் இரண்டு முண்டுகளுக்குக் கீழே இரண்டு சிவப்புத் திட்டுகள் கண்ணில் படும்.

அந்தச் சிவப்பை மென்மையான ஸ்பாஞ்சு ஏன் அழிக்கவில்லை? ஸ்பாஞ்சு, ஃபோம் என்று நாம் சொல்லும் நுரைப்பொருளில் பெரும்பகுதி காற்று. அதைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் காம்புகளால் ஆன கூடுகள். அழுத்தும்போது இந்தக் கூடுகள் மூன்று கட்டமாக நடந்துகொள்கின்றன. முதலில் காம்புகள் லேசாக வளைகின்றன. இதில் கொஞ்சம் எதிர்ப்பு இருக்கும். பிறகு அவை ஒவ்வொன்றாக மடிகின்றன. இந்தக் கட்டத்தில் மேலும் மேலும் அமுங்கினாலும் எதிர்ப்பு அவ்வளவாக ஏறாது. நல்ல இருக்கை வேலை செய்ய வேண்டிய கட்டம் இதுதான். எலும்பு முண்டு உள்ளே இறங்கும். சுற்றியிருக்கும் தொடையும் சதையும் ஃபோமைத் தொட்டு எடையில் தங்கள் பங்கை வாங்கிக்கொள்ளும். கடைசியில் காம்புகள் எல்லாம் மடிந்து ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன. அதற்கப்புறம் அது நுரைப்பொருளே அல்ல, கெட்டியான பிளாஸ்டிக் தகடு. இதைத் தரைதட்டல் என்று சொல்லலாம்.

மெத்தென்ற சீட்டின் கதை இங்கே முடிகிறது. கடை வாசலில் ஒரு நிமிடம் உட்காரும்போது முண்டுகள் இரண்டாம் கட்டத்தில் மிதக்கின்றன. அரைமணி நேரம் எடை விழுந்து, குழியில் பத்துப் பதினைந்து தடவை குதித்து, உடம்புச் சூடும் ஏறிய பிறகு முண்டுகளுக்கு நேர் கீழே மட்டும் ஃபோம் தரைதட்டிவிடுகிறது. மற்ற இடமெல்லாம் மென்மையாகவே இருப்பதால் அங்கே எடை ஏறுவதில்லை. பலகையில் உட்கார்ந்த அதே நிலைமை, நாலு அங்குலம் கீழே போய். கூடவே ஒரு புதுத் தொல்லையும் சேரும்: உடம்பு குழியில் பதிந்துவிட்டதால் நகர்வதும் கடினம். தலையில் தண்ணீர்க் குடம் தூக்கியவர்களுக்கு இந்த விஷயம் எப்போதோ தெரியும். சும்மாடு மெத்தென்று இருக்காது. முறுக்கிச் சுற்றிய இறுக்கமான துணி வளையம். உச்சந்தலையில் குத்தவேண்டிய குடத்தின் பாரத்தை அது சுற்றிலும் பிரித்து இறக்குகிறது. சீட்டுக்கும் அந்தக் குணம்தான் வேண்டும்.

இனி வேலூர். பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயால் அழுகி விழுகின்றன என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் புண்களில் பெரும்பாலானவற்றை நோய்க்கிருமி நேரடியாக உண்டாக்குவதில்லை என்று பிராண்டும் அவருடன் வேலை செய்தவர்களும் காட்டினார்கள். நோய் வலியுணர்வைத் தின்றுவிடுகிறது. அதன்பின் சாதாரண நடை, சாதாரண அழுத்தம், ஒரு சிறு கல் ஆகியவை மிச்சத்தைச் செய்துவிடுகின்றன. நம் உள்ளங்காலுக்கு வலி தெரியும் என்பதால் நீண்ட தூரம் நடக்கும்போது நமக்கே தெரியாமல் நடையை மாற்றிக்கொண்டே இருக்கிறோம்: கொஞ்ச நேரம் குதிகாலில், கொஞ்ச நேரம் பாதத்தின் ஓரத்தில். உணர்வற்ற பாதம் முதல் அடியை எப்படி வைத்ததோ அப்படியே ஆயிரமாவது அடியையும் வைக்கும். புண் வருவது அங்கே.

அழுத்தத்தால் வரும் கேட்டை பிராண்ட் மூன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஒரே அடியில் சதையைக் கிழிக்கும் பெரும் அழுத்தம் ஒன்று. ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப விழும் நடுத்தர அழுத்தம் இன்னொன்று. மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: மிகச் சிறிய அழுத்தம், ஆனால் மணிக்கணக்கில் விலகாமல். அடித்தால்கூட வலிக்காத அளவு அழுத்தம் அது. நேரம்தான் அதை நஞ்சாக்குகிறது.

வேலூரிலும் காட்பாடியை அடுத்த கரிகிரி தொழுநோய் மையத்திலும் இந்தப் பாதங்களுக்காகச் செருப்பு செய்யப்பட்டது. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் சர்க்கரை நோயாளிகளுக்குத் தருகிறார்களே, அதுதான். உள்ளே மிக நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பர். அடியில் வளையாத கெட்டி அடித்தட்டு. அந்த ரப்பர் சரியானதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் ஏறக்குறையப் பாதி கனத்துக்கு அமுங்க வேண்டும். அதற்குமேல் நசுங்கினால் அது மென்மை மிகுந்தது, அமுங்கவே மறுத்தால் கடினம். பைக் சீட்டுக்கு ஃபோம் வாங்கப் போகிறவர் கையோடு கொண்டுபோக வேண்டிய பாடம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆரணியிலிருந்து வேலூருக்குப் போகும் சாலையில், ஊர் நெருங்கும்போது பாகாயம் வரும். அங்கே 1966-இல் தொடங்கிய மறுவாழ்வு மையத்தின் பின்னால் இருந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954 ஜனவரியில் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை மருத்துவம் செய்தவர். உணர்வில்லாத உடம்போடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு இருக்கை என்பது உயிர்ப் பிரச்சினை. அழுத்தப் புண் வந்தால் ஆளையே கொல்லும். அதனால்தான் உட்காருவதைப் பற்றிய நல்ல அறிவியலெல்லாம் சோபாக் கடைகளிலிருந்து வரவில்லை, முதுகுத்தண்டு வார்டுகளிலிருந்து வந்தது. அங்கே எல்லா நோயாளிக்கும் கற்றுத்தரும் முதல் பழக்கம் ஒன்று உண்டு: கால்மணி அரைமணிக்கு ஒரு தடவை கைகளை ஊன்றி உடம்பை இருக்கையிலிருந்து தூக்கு, அல்லது ஒரு பக்கமாகச் சாய்.

ஏன் என்பதற்குத் தெளிவான சான்று தந்தவர் அமெரிக்க மருத்துவர் மைக்கேல் கோசியாக். 1959-இல் நாய்களிலும் 1961-இல் எலிகளிலும் அவர் செய்த சோதனைகளைப் படிப்பது எளிதல்ல. ஆனால் கிடைத்த விடை லட்சக்கணக்கானோருக்கு உதவியிருக்கிறது. எலியின் தசையில் 70 மில்லிமீட்டர் அழுத்தத்தை இரண்டு மணி நேரம் விடாமல் வைத்தபோது தசைநார்கள் கெடத் தொடங்கின. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அழுத்தத்தை எடுத்து எடுத்து வைத்தபோது, 240 வரை அழுத்தம் ஏறியும், மூன்று மணி நேரம் ஆகியும், பாதிப்பு மிகக் குறைவாகவே இருந்தது. மூன்று மடங்குக்கும் மேலான அழுத்தம். ஆனாலும் இடையிடையே ரத்தத்துக்கு வழி கிடைத்ததால் தசை தப்பித்தது.

இப்போது மறுபடி பைக் கணக்குக்கு வருவோம். உலகத்திலேயே சிறந்த சீட்டு ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம். அதன்மேல் 45 கிலோவும் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் சமமாகப் பரவுகிறது. அப்போதும் அழுத்தம் 37 மில்லிமீட்டர் பாதரசம் வருகிறது. லாண்டிஸ் கோட்டுக்கு மேலேதான். அதாவது, எந்த மெத்தையாலும், எந்த விலைக்கும், அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரை வலியிலிருந்து முழுதாகக் காப்பாற்ற முடியாது. சீட்டு செய்யக்கூடியது இரண்டு: எடையைப் பரப்பி நேரத்தை நீட்டித்துத் தருவது, ஓட்டுகிறவர் இடம் மாறி உட்கார வழிவிடுவது. என் பார்வையில் இரண்டாவதே பெரிய வேலை. அதைத்தான் சீட் கடைகளும் பைக் கம்பெனிகளும் மறந்துவிடுகின்றன.

தறிக்காரரின் பலகையை இந்த வெளிச்சத்தில் பார்த்தால், அவர் ஒரு நாளைத் தாக்குப்பிடிப்பது எப்படி என்பது ஓரளவு விளங்குகிறது. குழிக்குள் அவருடைய கால்கள் மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கின்றன. வலது மிதியில் கால் இறங்கும்போது இடுப்பு ஒரு பக்கமாகச் சரிகிறது. இடது மிதிக்கு மறுபக்கம். ஊடிழையை அடித்து இறுக்கும்போது மேலுடம்பு முன்னே வந்து போகிறது. நாடா ஓடும் ஒவ்வொரு தடவையும் அவருடைய எடை முண்டுகளுக்கிடையே கைமாறுகிறது. கோசியாக்கின் ஐந்து நிமிடத்தை அவர் ஓரிரு நொடியில் முடித்துவிடுகிறார். பைக் ஓட்டுகிறவரோ நெடுஞ்சாலையில் கை ஹேண்டில்பாரில், கால் ஃபுட்ரெஸ்ட்டில், கண் சாலையில் என்று கட்டிப்போட்ட நிலையில் இருக்கிறார். ஊருக்குள் சிக்னலுக்கு சிக்னல் கால் ஊன்றி மூன்று மணி நேரம் அலைந்தாலும் வராத வலி, நல்ல சாலையில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவதும் இதனால்தான்.

சாலையின் ஆட்டம் இன்னொரு விஷயம். எந்தப் பொருளுக்கும் தனக்குப் பிடித்த ஓர் அதிர்வெண் உண்டு. அதே வேகத்தில் ஆட்டினால் ஆட்டம் பெருகும். இதை ஒத்ததிர்வு என்கிறோம். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேலும் கீழுமாக நொடிக்கு ஏறக்குறைய ஐந்து தடவை ஆடும்போது அதிகமாகக் குலுங்கும். மென்மையான ஃபோமின்மேல் உட்கார்ந்தால் அந்த எண் நாலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சாலையில் நாலு மீட்டருக்கு ஒரு மேடு என்ற கணக்கில் அலையலையாக இருந்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நொடிக்கு நாலு தடவை தூக்கிப் போடும். சரியாக நம் ஒத்ததிர்வில். 40-க்குக் குறைத்தால் அது மூன்றுக்கும் கீழே இறங்கி, குலுக்கல் சட்டென்று தணியும். ஒரு குறிப்பிட்ட சாலை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உயிரை வாங்குவதாகப் பலர் சொல்வதில் உண்மை இருக்கிறது. எஞ்சினின் அதிர்வு வேறு வகை. நிமிடத்துக்கு 4,800 சுற்று என்றால் நொடிக்கு 80. அவ்வளவு வேகமான நடுக்கத்தை எந்த ஃபோமும் எளிதாக விழுங்கிவிடும். அது கையையும் பாதத்தையும்தான் மரத்துப்போகச் செய்யும். பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் இல்லாத காலத்தில் தோல் சீட்டுக்கு அடியில் பெரிய சுருள்வில் வைத்து ஓட்டினார்கள். சாலையின் குலுக்கலைச் சீட்டே முழுதாகத் தாங்கவேண்டியிருந்தது. இன்று அந்தப் பொறுப்பு ஷாக் அப்சார்பருக்குப் போய்விட்டதால் ஃபோமை இறுக்கமாக வைப்பதற்கு நமக்குச் சுதந்திரம் இருக்கிறது.

சூட்டையும் வியர்வையையும் நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டும். ரெக்சின் என்பது துணிமேல் பூசிய பிளாஸ்டிக். காற்றும் போகாது, நீரும் போகாது. ஃபோம் நல்ல வெப்பத் தடுப்பான். இரண்டுக்கும் மேலே உட்கார்ந்தவரின் வியர்வைக்குப் போக்கிடமில்லை. நனைந்த தோல் ஊறி மிருதுவாகும். துணியோடு உராய்வும் கூடும். பிரேக் போடும்போதெல்லாம் உடம்பு முன்னே சரிய, தோல் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே சதை பக்கவாட்டில் இழுபடுகிறது. இந்த நழுவு விசை தந்துகிகளை நேர் அழுத்தத்தைவிட எளிதாக நெரித்துவிடும். வலைத்துணிச் சீட்டுக் கவர் விலை குறைந்தது, பார்க்கவும் சாதாரணம். ஆனால் உடம்புக்கும் ரெக்சினுக்கும் நடுவே ஒரு காற்றுப் படலத்தை வைப்பதால் நம் கோடையில் அது செய்யும் உதவி பெரிது. உடையும் கணக்கில் சேரும். சாதாரண ஈரப்பத நிலையில் பருத்தி தன் எடையில் 8.5 சதவீதம் நீரைத் தன்னுள் வைத்திருக்கும். பட்டு 11 சதவீதம். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. பட்டு கட்டி பைக் ஓட்டச் சொல்லவில்லை, பருத்தி உள்ளாடை போதும். முண்டுக்கு நேராகத் தையல் வராமல் இருக்க வேண்டும்.

கடையில் விற்கும் மற்றப் பொருள்களைப் பற்றி: மெமரி ஃபோம் 1966-இல் நாசாவுக்காக சார்லஸ் யோஸ்ட் உருவாக்கியது. சூட்டில் இளகி உடம்பின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும் குணம் அதன் பெருமை. மே மாத வெயிலில் நின்ற கறுப்புச் சீட்டுக்குள் அதுவே அதன் குறை. ஏற்கெனவே இளகிப்போய்த் தரைதட்டிவிடும். வேண்டுமானால் மேலே மெல்லிய ஒரு படலமாக வைக்கலாம். ஜெல் முதலில் குளிர்ச்சியாக இருக்கும்; வெயிலில் நின்றால் அந்தச் சூட்டை நெடுநேரம் பிடித்துவைத்துக்கொள்ளும். காற்றறை மெத்தை இவற்றைவிடச் சுவாரசியமானது. அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் கிரேப் 1970-களில் சக்கர நாற்காலிக்காக ரோஹோ என்ற பெயரில் கொண்டுவந்தது. இன்று அதே வகை மெத்தை பைக்குக்கும் வருகிறது. அறைகள் ஒன்றோடொன்று குழாயால் இணைந்திருப்பதால் ஓரிடத்தில் அழுத்தினால் காற்று மற்ற இடத்துக்கு ஓடி, எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம் நிற்கிறது. அதை வாங்குகிறவர்கள் கடினமாகக் காற்றடித்துக் கெடுத்துவிடுகிறார்கள். உட்கார்ந்த பிறகு முண்டுக்கும் அடித்தட்டுக்கும் இடையே ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் எஞ்சும்வரை காற்றை இறக்க வேண்டும்.

சீட் கடைக்குப் போகிறவர் முதலில் ஒரு நெளி அட்டையை வீட்டுத் திண்ணையில் போட்டு, முழங்கால் சற்று உயர்ந்திருக்கும்படி அதன்மேல் இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழுந்திருக்கட்டும். பதிந்த இரண்டு பள்ளங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் முண்டுகளின் இடைவெளி தெரிந்துவிடும். சீட்டின் பின்பகுதியில் தட்டையான அகலம் இதைவிட இருபக்கமும் சில சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும். முன்பகுதி ஒடுங்கலாம், இல்லாவிட்டால் கால் தரைக்கு எட்டாது. சீட்டு டேங்கை நோக்கிச் சரிந்திருந்தால் அந்தச் சரிவை எடுக்கச் சொல்ல வேண்டும். இந்த ஒரு வேலைக்காகவே கடைக்குப் போகலாம்; எத்தனையோ பேர் ஸ்பாஞ்சின்மேல் போடும் பழி உண்மையில் சரிவுக்குச் சேரவேண்டியது. அடியில் இறுக்கமான ஃபோம், மேலே ஓர் அங்குலத்துக்கும் குறைவான மென்மையான ஃபோம் என்பது நல்ல அடுக்கு. கடைக்காரர் டென்சிட்டி எவ்வளவு வேண்டும் என்று கேட்பார். அது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை. எத்தனை நாள் உழைக்கும் என்று சொல்லும், எவ்வளவு இறுக்கம் என்று சொல்லாது. இறுக்கத்தைக் கையால் அழுத்தித்தான் பார்க்க வேண்டும். புட்டம் வடிவுக்குக் குடைந்து தருகிறேன் என்றால் ஆழமாக வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. ஒரே குழியில் பூட்டிவைக்கும் சீட்டில் நகர முடியாது. பர்ஸைப் பின்பாக்கெட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்க முண்டை அது தூக்கிவைத்து, இடுப்பைக் கோணலாக்கி, தொடைக்குப் போகும் நரம்பை நசுக்குகிறது.

ஓடும்போது கால்மணிக்கு ஒரு தடவை, சாலை நேராக இருக்கும் இடத்தில், ஃபுட்ரெஸ்ட்டில் எடையைப் போட்டுச் சற்றே எழுந்து அமர்வது பாகாயத்தில் சக்கர நாற்காலிக்காரர்கள் செய்யும் அதே பயிற்சி. சில நொடி போதாது. அரை நிமிடமாவது ரத்தம் திரும்ப வேண்டும். அது முடியாதபோது ஓர் அங்குலம் பின்னே, பிறகு முன்னே என்று நகரலாம். மணிக்கு ஒரு தடவை இறங்கி நடக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஓட்டுகிறவருக்கு. பின்னால் உட்கார்ந்து வருகிறவரைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் இருப்பவருக்கு முன்சக்கரக் குலுக்கலும் பின்சக்கரக் குலுக்கலும் பாதி பாதியாகத்தான் வந்து சேரும். பின்சக்கரத்துக்கு நேர் மேலே இருப்பவருக்குப் பின்சக்கரம் ஏறும் மேடு முழுதாக வரும். அவருக்குத்தான் தடிமனான ஃபோம் வேண்டும். பெரும்பாலான பைக்குகளில் அவருக்குத்தான் மெல்லியதும் ஒடுங்கியதுமான இடம். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையில் ஒரு பக்கமாக உட்கார்ந்து போகும் பெண்ணின் நிலை இன்னும் மோசம். எடை ஒரு முண்டில் கூடுதலாக விழுகிறது, இடுப்பு முறுகுகிறது, பிரேக்கும் வேகமும் அவரைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன, ஓட்டுகிறவரைப் போல எழுந்து அமரவும் வழியில்லை. பின்னால் இருப்பவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் பாதிச் சக்கரத்தை மூடும் காப்பும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்க ஃபுட்ரெஸ்ட்டும் கட்டாயம் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி சொல்கிறது. புடவையைக் காப்பாற்றச் சட்டம் வந்துவிட்டது; புடவை கட்டியவரின் இடுப்புக்கு யாரும் வரவில்லை. அதனால் சீட் கடையில் காசு ஒரு பாதிக்குத்தான் இருக்கிறது என்றால் பின்பாதியை முதலில் செய்யச் சொல்லுங்கள்: இறுக்கமான ஃபோம், அகலமான தட்டை, முன்னால் சரியாத மட்டம். இரு பக்கமும் கால் போட்டு உட்கார வசதியான உடையில் வர முடிந்தால் அப்படி வரட்டும். ஒரு பக்கமாகத்தான் உட்கார வேண்டும் என்றால், ஆரணியிலிருந்து வேலூர் போகும் வழியில் கண்ணமங்கலத்தில் ஒரு தடவை, பாகாயத்தில் ஒரு தடவை என்று அவர் கேட்காமலே வண்டியை நிறுத்துங்கள்.